ரால்ஃப் பெல்லமிக்கு ஏன் பெண் கிடைப்பதில்லை

ரால்ஃப் பெல்லமி என்ற ஹாலிவுட் நடிகருக்கு, 1937ஆம் ஆண்டுப் படங்களுக்கான ஆஸ்கர் போட்டியில் சிறந்த துணை நடிகர் பரிந்துரை கிடைத்தது. ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்தில் அவர் செய்த வேலை ஒன்றுதான்: கைக்கு எட்டிய பெண்ணைப் பறிகொடுப்பது. பறித்துக்கொண்டவர் கேரி கிராண்ட். அடுத்த ஆண்டு ‘கேர்ஃப்ரீ’யில் ஜிஞ்சர் ராஜர்ஸை ஃப்ரெட் அஸ்டேரிடம் விட்டார். 1940இல் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் மறுபடியும் கிராண்டிடமே தோற்றார். அந்தப் படத்தில், பெல்லமியைச் சிக்கலில் மாட்டிவிட கிராண்ட் ஒரு பெண்ணை அனுப்புவார். ஆள் எப்படியிருப்பான் என்று அவள் கேட்பாள். சினிமாவில் நடிப்பாரே ரால்ஃப் பெல்லமி, அவரைப் போலிருப்பான் என்பார் கிராண்ட். அதற்குள் பெல்லமி என்ற பெயரே ஒரு வகைப் பாத்திரத்தைக் குறிக்கத் தொடங்கியிருந்தது.

இந்தப் படங்களில் பெல்லமி வில்லன் இல்லை. ‘தி ஆஃபுல் ட்ரூத்’தில் அவர் ஓக்லஹோமாவைச் சேர்ந்த எண்ணெய்ப் பணக்காரர், நல்லவர், வஞ்சனை தெரியாதவர், அம்மா சொல் தட்டாதவர். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் ஆல்பனி நகரத்து இன்சூரன்ஸ்காரர், கையில் குடை, மனைவியாகப் போகிறவள்மீது மரியாதை, இங்கேயும் கூடவே அம்மா. எந்த ஊர்ப் பெற்றோரும் கண்ணை மூடிக்கொண்டு சம்மதிக்கக்கூடிய மாப்பிள்ளை. ஆனாலும் இந்தக் கல்யாணம் நடந்துவிடக் கூடாதே என்று படம் நெடுகத் தவிக்கிறோம். நின்றுபோனதும் நிம்மதியாகச் சிரிக்கிறோம். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றைய பார்வையாளரிடமும் இப்படி வேலைசெய்வது ஏன் என்ற கேள்விக்கு, இந்த அப்பிராணி மனிதரின் வழியாகப் போனால்தான் உருப்படியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

ஸ்க்ரூபால் காமெடி என்று பெயர் பெற்ற இந்தப் படங்கள் ஏறக்குறைய 1934இலிருந்து 1942 வரை ஹாலிவுட்டில் செழித்தவை. வாயாடும் பெண், அவளுக்குச் சளைக்காத ஆண், இருவருக்கும் இடையே ஓயாத சண்டை, வீட்டுக்குள் நுழையக் கூடாத ஏதாவது ஒரு விலங்கு, கிறுக்குத்தனமான பணக்காரக் குடும்பம், ஆள்மாறாட்டம், கடைசியில் கல்யாணம் அல்லது முறிந்த கல்யாணம் மறுபடி ஒட்டுவது. ஃப்ராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’, ஹாவர்ட் ஹாக்ஸின் ‘ட்வென்டியத் செஞ்சுரி’ ஆகிய இரண்டும் 1934இல் வெளிவந்து இந்த வகைக்கு அடித்தளம் போட்டன. காப்ராவின் படம் சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் ஒருசேர வாரிக்கொண்டது. அதற்கு முன் எந்தப் படமும் அப்படி வாங்கியதில்லை.

இவை ஏன் தோன்றின என்பதற்கு இரண்டு விளக்கங்கள் வழக்கமாகச் சொல்லப்படும். முதலாவது பொருளாதாரப் பெருமந்தம். 1933இல் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. அந்த நேரத்தில் பணக்காரர்களைக் கோமாளிகளாகக் காட்டிய படங்களுக்கு மக்கள் ஓடினார்கள் என்பது வாதம். கிரகரி லா காவாவின் ‘மை மேன் காட்ஃப்ரே’ (1936) இதற்குப் பொருத்தமான சாட்சி. நியூயார்க்கின் மேல்தட்டுப் பெண்கள் ஒரு விளையாட்டுக்காக, யாரும் சீந்தாத பொருள்களைத் தேடிச் சேகரிக்கிறார்கள். பட்டியலில் வாழ்ந்து கெட்ட ஒரு மனிதனும் உண்டு. ஆற்றங்கரைக் குப்பைமேட்டில் குடியிருக்கும் ஒருவனை அதற்காகக் கூட்டிக்கொண்டு போகிறாள் ஒருத்தி. இந்த ஆரம்பத்தின் உறைப்பு இன்றும் குறையவில்லை. முடிவுதான் சப்பென்றிருக்கிறது. அந்த ஏழை உண்மையில் பாஸ்டன் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. குப்பைமேட்டை இரவு விடுதியாக்கி அங்கிருந்தவர்களுக்கு வேலை கொடுத்துவிடுகிறான். வறுமையை இதைவிடச் சுலபமாக யாரும் ஒழித்ததில்லை.

இரண்டாவது விளக்கம் தணிக்கை. 1930இல் எழுதப்பட்டு ஏட்டில் மட்டுமே இருந்த தயாரிப்பு விதிகள், ஜோசஃப் ப்ரீன் பொறுப்புக்கு வந்தபின் 1934 ஜூலையிலிருந்து கறாராக அமலுக்கு வந்தன. சான்றிதழ் இல்லாமல் படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். படுக்கையறையைக் காட்ட வழியில்லாததால் ஆசை முழுவதும் வாய்ச்சண்டையாகவும் துரத்தலாகவும் மாறியது என்பது ஆண்ட்ரூ சாரிஸ் போன்ற விமர்சகர்களின் கருத்து. இதில் உண்மை இருக்கிறது. ஆனால் காப்ராவின் படம் அந்த ஆண்டு பிப்ரவரியிலும் ஹாக்ஸின் படம் மே மாதத்திலும், அதாவது விதிகள் இறுகுவதற்கு முன்பே வந்துவிட்டன. தவிர, பெருமந்தம் போரோடு முடிந்தது. பழைய தணிக்கை விதிகள் 1968இல் கைவிடப்பட்டன. இந்த இரண்டால் மட்டுமே உயிர்த்த படங்கள் என்றால் இவை அப்போதே வாடியிருக்க வேண்டும். பிறந்ததற்கான காரணமும் நீடித்திருப்பதற்கான காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மறுபடி ‘தி ஆஃபுல் ட்ரூத்’துக்கு வருகிறேன். ஜெர்ரியும் லூசியும், அதாவது கேரி கிராண்டும் ஐரீன் டன்னும், ஒருவர்மேல் ஒருவர் சந்தேகப்பட்டு விவாகரத்து கேட்கிறார்கள். தீர்ப்பு உறுதியாக 90 நாள் அவகாசம். இடையில் லூசி பெல்லமியோடு பழகுகிறாள். ஓரிடத்தில், பாட்டு வாத்தியாரின் வீட்டில் மனைவியைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று ஜெர்ரி வேலைக்காரனைத் தள்ளிக்கொண்டு கதவைத் திறந்து பாய்கிறான். உள்ளே கச்சேரி நடந்துகொண்டிருக்கிறது. வாத்தியார் பியானோவில்; லூசி நின்று பாடிக்கொண்டிருக்கிறாள்; எதிரே கனவான்களும் சீமாட்டிகளும். அசடு வழிய ஜெர்ரி பின்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காததுபோலச் சாய்கிறான். நாற்காலி பின்னால் சரிகிறது; பக்கத்து மேசையையும் இழுத்துக்கொண்டு தரையில் விழுகிறான். லூசி பாட்டை நிறுத்துவதில்லை. கடைசி அடி வரும்போது அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அந்தச் சிரிப்பைச் சுருதி விலகாமல் பாட்டின் கடைசிச் சுரங்களிலேயே வைத்து முடித்துவிடுகிறாள். பிறகுதான் அத்தையிடம் ஒப்புக்கொள்கிறாள், அந்தக் கிறுக்கன்மேல் இன்னும் ஆசை போகவில்லையென்று. எங்கே, எப்போது அது திரும்பி வந்தது என்பதை நாம் ஏற்கனவே காதால் கேட்டுவிட்டோம்.

இதோடு இரவு விடுதிக் காட்சியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். நடனத்துக்காகக் கோப்பைகள் வாங்கிய பெருமையோடு பெல்லமி லூசியைத் தளத்துக்கு இழுத்துப்போகிறார். கால்கள் ஒரு பக்கமும் முழங்கைகள் ஒரு பக்கமுமாக அவர் ஆட, லூசி அல்லாடுகிறாள். ஜெர்ரி ஒரு நாற்காலியை எடுத்துவந்து தளத்தின் ஓரத்தில் போட்டு ரசிக்கிறான். பாட்டு முடிந்ததும் வாத்தியக்காரர்களிடம் காசு கொடுத்து அதே பாட்டை மறுபடி வாசிக்கச் சொல்கிறான். கவனித்தால், பெல்லமி மோசமாக ஆடவில்லை. தன் சந்தோஷத்துக்குத் தானே ஆடுகிறார். எதிரில் இருப்பவளின் கால் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. தளத்தில் இல்லாத ஜெர்ரிக்கும் அவளுக்கும் இடையில்தான் பார்வையிலேயே ஒரு ஆட்டம் நடக்கிறது.

இந்தப் படத்தின் இயக்குநர் லியோ மெக்கேரி காலையில் துண்டுக் காகிதங்களோடு வந்து, இன்றைக்கு இப்படிச் செய்யலாமா என்று ஆரம்பிப்பாராம். கிராண்ட் மிரண்டுபோய், படத்தில் என்னென்ன கோளாறு என்று நீளமாக எழுதிக் கொலம்பியா முதலாளி ஹாரி கோனிடமே கொடுத்து, விலகப் பார்த்தார். ஒருநாள் பெல்லமியைப் பாடச் சொல்லி, டன்னைப் பியானோ வாசிக்கச் சொன்னார் மெக்கேரி. ஒருவருக்குப் பாட வராது, மற்றவருக்கு வாசிப்பு சுமார். அந்தத் தடுமாற்றத்தையே படத்தில் வைத்துக்கொண்டார். இதற்காக அவருக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டில் முதிய பெற்றோரைப் பற்றித் தான் எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’வுக்குக் கொடுத்திருக்க வேண்டும், தவறான படத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று மேடையிலேயே சொன்னவர் அவர். அந்தப் படம் பெரிய படம்தான்; ஆனாலும் ‘தி ஆஃபுல் ட்ரூத்’ விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஈடுகொடுக்க முடிகிறதா என்பதுதான் இந்தப் படங்களில் காதலுக்கான ஒரே தேர்வு. அழகோ குணமோ பணமோ அந்தத் தேர்வில் கேட்கப்படுவதில்லை. ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில் இது அப்பட்டமாகத் தெரிகிறது. அப்பாவின் பேச்சை மீறி ஓடிவந்த கோடீஸ்வரன் மகள் கிளாடெட் கோல்பேர். வேலை போன நிருபர் கிளார்க் கேபிள். பேருந்துப் பயணத்தில் சேர்ந்து, சாலையோரத் தங்குமிடத்தில் ஒரே அறையில், நடுவே கயிறு கட்டிப் போர்வை தொங்கவிட்டுத் தூங்குகிறார்கள். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தப் போர்வையை. எனக்கு அதற்கடுத்த காலைதான் முக்கியம். அப்பா ஏவிய துப்பறிவாளர்கள் அறைக்குள் நுழைகிறார்கள். ஒரு வார்த்தைகூடப் பேசிவைத்துக்கொள்ளாமல் இருவரும் கீழ்த்தட்டுக் கணவன் மனைவியாக மாறிச் சண்டை போடத் தொடங்குகிறார்கள். அவன் கத்துகிறான், அவள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு ஓவென்று அழுகிறாள். வந்தவர்கள் சங்கடப்பட்டு வெளியேறுகிறார்கள். கதவு மூடியதும் இருவருக்கும் சிரிப்புத் தாளவில்லை. அதுவரை அவள் அவனுக்குத் தலைவலி, அவன் அவளுக்குத் திமிர் பிடித்தவன். ஒரு பொய்யை இருவரும் சேர்ந்து அவ்வளவு கச்சிதமாகச் சொல்ல முடிகிறது என்று தெரிந்தபின் கதை வேறு திசையில் போகிறது. காதல் வசனம் ஏதும் தேவைப்படவில்லை.

‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’ இதை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுபோனது. பென் ஹெக்ட், சார்லஸ் மெக்ஆர்தர் எழுதி 1928இல் மேடையேறிய ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ நாடகத்தில் பத்திரிகை ஆசிரியரும் அவரிடமிருந்து விலகி ஓடப்பார்க்கும் நிருபரும் ஆண்கள். நிருபரின் வசனத்தை ஒரு பெண் வாசித்ததைக் கேட்ட ஹாக்ஸுக்கு இதுவே பொருத்தமாகப் பட்டதாம். ஹில்டி என்ற அந்த நிருபர் பெண்ணானாள், அதோடு ஆசிரியரின் முன்னாள் மனைவியுமானாள். சார்லஸ் லெடரர் திரைக்கதை எழுதினார். ஒருவர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் தொடங்க வேண்டும் என்று ஹாக்ஸ் விரும்பினார். ஆனால் கதை புரியாமல் போய்விடக் கூடாது. அதற்காக ஒவ்வொரு வசனத்தின் தலையிலும் வாலிலும் போனால் போகட்டும் என்று சில சொற்களைச் சேர்த்து எழுதவைத்தார். ஒன்றன்மேல் ஒன்று ஏறுவது அந்த உபரிச் சொற்கள் மட்டுமே, நடுவிலிருக்கும் விஷயம் காதில் விழுந்துவிடும். நிமிடத்துக்கு 240 சொற்கள் வரை போகிறது என்று ஒரு கணக்கு உண்டு. படம் மொத்தமே 92 நிமிடம்.

ஹில்டியாக நடித்த ரோஸலிண்ட் ரஸ்ஸல், பல நடிகைகள் மறுத்தபின் வந்தவர். கிராண்டுக்கே நல்ல வசனங்கள் போகின்றன என்று தோன்றவே, தன் காசில் ஒரு விளம்பர எழுத்தாளரை அமர்த்திக்கொண்டு தனக்கு வரிகள் எழுதவைத்ததாகப் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். படத்துக்குள் நடக்கும் போட்டி படப்பிடிப்பிலும் நடந்திருக்கிறது.

இந்தப் படத்தின் உணவுவிடுதிக் காட்சியில் மூன்று பேர் ஒரு மேசையில்: கிராண்ட், ரஸ்ஸல், பெல்லமி. கிராண்டும் ரஸ்ஸலும் மேலே மரியாதையாகப் பேசிக்கொண்டிருக்க, மேசைக்கு அடியில் ரஸ்ஸல் கிராண்டைக் காலால் உதைக்கிறார். கூட உட்கார்ந்திருக்கும் பெல்லமிக்கு மேசைக்கு மேலே நடப்பது மட்டும் தெரியும். அவருடைய பதில்கள் எல்லாம் சரியான பதில்கள், ஆனால் ஒரு நொடி தாமதமானவை. இதுதான் அவர் குற்றம். அதற்கு அவருக்குக் கிடைக்கும் தண்டனையோ, ஒரே நாளில் திரும்பத் திரும்பச் சிறை.

வேகம்தான் எல்லாம் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் ப்ரெஸ்டன் ஸ்டர்ஜஸின் ‘தி லேடி ஈவ்’ (1941) குறுக்கே நிற்கிறது. அதில் கதாநாயகன் ஹென்றி ஃபோண்டாதான் மந்தம். அமேசானில் ஓராண்டு பாம்பு ஆராய்ச்சி செய்துவிட்டுக் கப்பலில் திரும்பும் பீர்க் கம்பெனி வாரிசு. அவனை வலைவீசிப் பிடிக்கிற சீட்டு மோசடிக்காரி பார்பரா ஸ்டான்விக். சாப்பாட்டுக்கூடத்தில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, தன் பவுடர் கண்ணாடியில் அவனைப் பார்த்தபடி, அவன் கவனத்தைக் கவரத் துடிக்கும் மற்றப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் தானே குரல் கொடுத்து வர்ணனை செய்கிறாள். கடைசியில் அவன் பக்கத்தில் வரும்போது காலை நீட்டித் தடுக்கிவிடுகிறாள். படம் முழுக்க அவன் விழுந்துகொண்டேயிருக்கிறான்: சோபாமேல், திரைச்சீலைமேல், தேனிலவு ரயிலிலிருந்து இறங்கிச் சேற்றில். அதே பெண் ஆங்கிலச் சீமாட்டியாக வேறு பெயரில் வந்து நிற்கும்போது, வேலைக்காரனுக்கே அடையாளம் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவனைத்தான் அவள் விரும்புகிறாள்.

‘பிரிங்கிங் அப் பேபி’யிலும் (1938) இதே கதைதான். டைனோசர் எலும்புக்கூட்டில் ஒரே ஓர் எலும்புக்காகக் காத்திருக்கும் விஞ்ஞானி கிராண்ட், கேத்தரின் ஹெப்பர்னின் பேச்சுக்குப் பாதிப் படம்வரை ஈடுகொடுக்க முடியாமல் திணறுகிறார். ஆனால் விருந்து விடுதியில் ஹெப்பர்னின் கவுன் பின்புறம் கிழிந்துவிடும்போது, தன் தொப்பியால் மறைத்து, பிறகு அவளுக்குப் பின்னால் ஒட்டி நின்றுகொண்டு, இருவரும் ஒரே காலடியில் நடந்து வெளியேறுகிறார்கள். கூடத்திலிருப்பவர்கள் பார்க்கிறார்கள். கிராண்டின் மானம் போகிறது, கால் மட்டும் தப்பவில்லை.

ஆகவே வேகம் என்பது ஓர் அடையாளம் மட்டுமே. அடுத்தவர் முன்னால் கேவலப்படத் தயாராக இருப்பது அதைவிட ஆழமான தகுதி. கிராண்ட் நாற்காலியோடு சரிகிறார், ஃபோண்டா சேற்றில் விழுகிறார். விழுந்தபின் அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்க்க முடிகிறது. பெல்லமியும் அவமானப்படுத்தப்படுகிறார், ஆனால் நடப்பது விளையாட்டு என்று தெரியாமலே. குடையை அவர் கடைசிவரை விடுவதில்லை. பார்க்கும் நமக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது: நேசிக்கப்படுவதற்கு மெச்சத்தக்க ஆளாக இருக்க வேண்டியதில்லை, கூடச்சேர்ந்து அசடாகத் தெரிந்தால் போதும். காதலில் தன்னைத் திருத்திக்கொண்டு மேலே வருவதைப் பற்றிய கதைகளுக்கு எந்த நாட்டு சினிமாவிலும் பஞ்சமில்லை. கீழே விழுவதைத் தகுதியாக வைத்த கதைகள் அரிது.

ஹார்வர்டு தத்துவப் பேராசிரியர் ஸ்டான்லி கவெல் 1981இல் வெளியிட்ட ‘பர்சூட்ஸ் ஆஃப் ஹேப்பினஸ்’ நூலில் இந்த வகையைச் சேர்ந்த ஏழு படங்களை எடுத்துக்கொண்டு, இவை மறுமணக் கதைகள் என்று வாதிட்டார். இளஞ்சோடி தடைகளைத் தாண்டிச் சேர்வதல்ல விஷயம். பிரிந்தவர்கள், அல்லது பிரிவின் விளிம்பில் நிற்பவர்கள், மறுபடி ஒருவரையொருவர் தேர்ந்தெடுப்பது. 17ஆம் நூற்றாண்டுக் கவி ஜான் மில்டன் விவாகரத்து குறித்து எழுதிய நூலில் திருமணத்தின் முதல் நோக்கமாக உரையாடலைச் சொன்னதையும் அவர் துணைக்கு அழைக்கிறார். தணிக்கைக் கோணமும் இங்கே தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது: சட்டப்படி இன்னும் கணவன் மனைவியாக இருப்பவர்கள் ஒருவரையொருவர் மயக்க முயன்றால் ப்ரீன் அலுவலகம் என்ன சொல்ல முடியும்?

கவெல் சொல்வதில் பெரும்பகுதி எனக்கு உடன்பாடு. ஆனால் அவர் இந்தக் கல்யாணங்களை ஒரு சமூகத்தின் கனவாக உயர்த்தும்போது தயங்குகிறேன். இந்த வீடுகளில் குழந்தைகள் இல்லை, நோயாளி இல்லை. அப்பா இருந்தால் செல்லமும் செல்வமும் கொடுக்கிறவர். அம்மா அவ்வப்போது தலைகாட்டினாலும், பிள்ளையின் கல்யாணத்தில் மூக்கை நுழைக்கும் மாமியார் பெல்லமி பக்கம்தான். இருவர் மட்டும் பேசிக்கொண்டே வாழ்வதற்கு எவ்வளவு பேரைப் படச்சட்டத்துக்கு வெளியே நிறுத்த வேண்டியிருக்கிறது!

வெளியே நிறுத்தப்படாதவர்கள் படும் பாடு இன்னும் மோசம். ‘தி பாம் பீச் ஸ்டோரி’யில் (1942) குடித்துக் கும்மாளமிடும் பணக்கார வேட்டைக்காரர்கள் ரயில்பெட்டிக்குள்ளேயே சுட்டு விளையாடுகிறார்கள்; நடுங்கிக்கொண்டு பிஸ்கெட்டை மேலே வீச வேண்டியவர் ஒரு கறுப்பினப் பணியாளர். 1942இல் சிரித்திருப்பார்கள். ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’டில் கேபிள் தன் காதலியைப் பற்றி அவள் அப்பாவிடம் பேசும்போது, தினம் ஓர் அறை விடுகிற ஆள்தான் அவளுக்குச் சரி என்ற பொருளில் சொல்கிறான், அப்பா ரசிக்கிறார். ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யில் தூக்குக்குக் காத்திருப்பவனிடம் பரிவு காட்டிய மாலி மலாய் என்ற பெண், நிருபர்கள் நெருக்கியதில் ஜன்னல் வழியே குதித்துவிடுகிறாள். உயிர் போகவில்லை. ஹில்டி ஒரு கணம் கலங்குகிறாள், அடுத்த கணம் செய்தி அவளை இழுத்துக்கொள்கிறது. இந்த இடத்தில் வேகத்தின் மறுபக்கத்தை ஹாக்ஸ் தெரிந்தே காட்டினார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. படமும் அவளைத் தாண்டி ஓடத்தான் செய்கிறது.

பெண் விஷயத்தில் கணக்கு இன்னும் சிக்கலானது. மாலி ஹாஸ்கெல் 1974இல் எழுதிய ‘ஃப்ரம் ரெவரன்ஸ் டு ரேப்’ நூலில், பிற்காலப் படங்களைவிட முப்பதுகளின் பெண்களுக்கே வேலையும் வாயும் இருந்தன என்று எடுத்துக்காட்டினார். ஹில்டியைப் பார்த்தால் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் ஹெப்பர்னுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். ‘பிரிங்கிங் அப் பேபி’ செலவு எகிறி, ஆர்கேஓ நிறுவனத்துக்கு நஷ்டம் வைத்தது. அதே ஆண்டு மே மாதம் திரையரங்கு உரிமையாளர்களின் ஒரு சங்கம், வசூலுக்கு விஷம் என்று பகிரங்கமாக அறிவித்த நடிகர்களின் பட்டியலில் அவர் பெயரும் இருந்தது. 1940இல் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’யில் திரும்பி வந்தார், வெற்றியும் பெற்றார். அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது? கிராண்ட் அவர் முகத்தில் கைவைத்துத் தரையில் தள்ளுவதோடு. பிறகு அப்பா வந்து, தன் சபலத்துக்கே மகளின் குளிர்ந்த குணம்தான் காரணம் என்கிறார். ‘பிரிங்கிங் அப் பேபி’யில் சிறுத்தையோடு காட்டில் திரிந்து ஆணை ஆட்டிவைத்த ஹெப்பர்னைத் தள்ளிவைத்த பொதுஜனம், ஆண்கள் வரிசையில் நின்று பாடம் நடத்திய ஹெப்பர்னைக் கொண்டாடியது. ‘பிரிங்கிங் அப் பேபி’யில் எல்லோருமே கிறுக்கர்கள், சாதாரண ஆள் ஒருவர்கூட இல்லை, அதனால்தான் ஓடவில்லை என்று ஹாக்ஸ் பின்னாளில் சொன்னார். அதுதான் அந்தப் படத்தின் பலம் என்று இன்றைய ரசிகர்கள் சொல்வார்கள்.

தோற்ற படம் எப்படி உயிர்த்தது என்பதில் ரசனைக்கு மட்டுமல்ல, வாய்ப்புக்கும் பங்குண்டு. தொலைக்காட்சி நிலையங்கள் பழைய படங்களை இரவு பகலாக ஓட்டின. பதிப்புரிமையை யாரும் புதுப்பிக்காததால் ‘மை மேன் காட்ஃப்ரே’யும் ‘ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே’யும் பொதுச் சொத்தாயின, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் ஒளிபரப்பலாம் என்றானது. பிரான்ஸில் ‘காயே து சினிமா’ இதழில் ஜாக் ரிவெட் 1953இல் ஹாக்ஸை மேதை என்று எழுதினார். அந்த அலை அமெரிக்காவுக்கும் வந்து, நியூயார்க் நவீனக் கலைக் காட்சியகத்தில் 1962இல் ஹாக்ஸின் படங்களைத் தொகுத்துத் திரையிட்டார் பீட்டர் பாக்டனாவிச் என்ற இளைஞர். பத்து ஆண்டு கழித்து அவரே ‘வாட்ஸ் அப், டாக்?’ எடுத்தார். பார்ப்ரா ஸ்ட்ரைசாண்ட் ஓட, ரயன் ஓ’நீல் திணற, அந்த ஆண்டின் பெரிய வெற்றிகளில் ஒன்றாக அது ஓடியது. விரும்பியதையெல்லாம் திரையில் காட்டலாம் என்றாகிவிட்ட 1972இல், எதையும் காட்டாத படம்.

எல்லா மறுபிறவியும் அப்படி வாய்க்கவில்லை. ‘தி ஃப்ரன்ட் பேஜ்’ கதையை பில்லி வைல்டர் 1974இல் மறுபடி ஆண்களை வைத்தே எடுத்தார். 1988இல் ‘ஸ்விட்சிங் சேனல்ஸ்’ என்று தொலைக்காட்சிச் செய்தி அறைக்கு மாற்றிப் பார்த்தார்கள். வசனம் வேகமாக இருந்தது, ஆனால் ஈடுகொடுக்கும் சுகம் இல்லை.

காப்ராவின் படத்துக்கு நம் பக்கத்திலும் வாரிசு உண்டு. சென்னை ஏவிஎம் நிறுவனம் 1956இல் ராஜ் கபூர், நர்கீஸ் நடிக்க இந்தியில் ‘சோரி சோரி’யைத் தயாரித்தது, இயக்கம் அனந்த் தாக்கூர். ஓடிவந்த பணக்காரப் பெண், நிருபர், பேருந்து, எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் இருவர் மனமும் சேரும் இடங்கள் சண்டையிலிருந்து பாட்டுக்கு மாறிவிட்டன. சங்கர்-ஜெய்கிஷனின் இசை அபாரம் என்பதால் யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. பாட்டில் காதலர்கள் ஒரே மனதாகிவிடுகிறார்கள். வாய்ச்சண்டையில் அப்படி ஆக வேண்டியதில்லை, ஆகாமலிருப்பதுதான் ருசி. அதனால் ‘சோரி சோரி’ நல்ல காதல் படம், வேறு வகைப் படம். 1966இல் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் நடித்த ‘சந்திரோதய’த்திலும் வீட்டைவிட்டு வந்த பணக்காரப் பெண்ணும் நிருபரும் இருக்கிறார்கள், அது சீக்கிரமே எம்.ஜி.ஆர். படத்துக்குரிய நியாயப் போராட்டமாகிவிடுகிறது. மகேஷ் பட் 1991இல் ‘தில் ஹை கி மான்தா நஹீன்’ என்று ஆமிர் கானை வைத்து மறுபடி எடுத்தபோதும் பாட்டுதான் கை கொடுத்தது.

இந்தியப் படங்கள் பாட்டைச் சேர்த்துக் கெடுத்துவிட்டன என்று முடிவுகட்டுவது தவறு. ‘சோரி சோரி’ வந்த அதே 1956இல் கொலம்பியா நிறுவனமே தன் சொந்தக் கதையைப் பாட்டு, வண்ணம், சினிமாஸ்கோப் சகிதம் ‘யூ கான்ட் ரன் அவே ஃப்ரம் இட்’ என்று மறுபடி எடுத்தது. ஜாக் லெமன் இருந்தும் எடுபடவில்லை. இதில் திரையின் அகலத்துக்கும் பங்கிருக்கிறது என்பது என் ஊகம். முப்பதுகளின் படச்சட்டம் ஏறக்குறையச் சதுரம். இடுப்புக்கு மேல் இரண்டு பேரை நிறுத்தினால் இடம் சரியாகப் போய்விடும். தோள் உரச நின்றாக வேண்டும். வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்தால், எப்போது குறுக்கிட வேண்டும், எப்போது மூச்சு வாங்க வேண்டும் என்பது நடிகர்கள் கையில். அகலத்திரையில் இருவருக்கும் நடுவே மேசையும் விளக்கும் ஜன்னலும் வந்து உட்கார்ந்துகொண்டன. இன்றைய காதல் நகைச்சுவைப் படங்களில் ஒருவர் பேசும்போது ஒரு முகம், மற்றவர் பேசும்போது மறு முகம் என்று வெட்டி வெட்டித்தான் காட்டுகிறார்கள். இரு நடிகர்களும் ஒரே நாளில் செட்டுக்கு வந்தார்களா என்றே சந்தேகம் வரும். தாளத்தைப் போடுவது படத்தொகுப்பாளர். அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், எதிராளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை முந்திக்கொள்ளும் துடுக்கை மேசையில் உட்கார்ந்து உண்டாக்க முடியாது.